பெட்டிக் கடை

பையில் பதினேழு பலகைகள்.
கண்ணாடி போன்ற அக்ரிலிக், நடுவில்
எறும்புக் கூட்டம் வரிசை கலைந்து
அப்படியே உறைந்ததுபோல் ஒரு சதுரம்.
ஒன்று முந்நூற்றைம்பது. அதில் எனக்கு எழுபது.

களியக்காவிளை. மணி பத்துகூட ஆகவில்லை.
என் போன் மூன்றாம் முறையாகக்
கேரளத்துக்கு வரவேற்கிறது.
நான் இன்னும் மீன்சந்தையே தாண்டவில்லை.

ரெத்னபாய் சாயாக்கடையில் முதல் போணி.
"வெள்ளம் கூடுதல்னா மொகத்துக்கு நேர சொல்லுவானுவ,
அதுக்கு எதுக்குப் பலவ?" என்றாள்.
என்றாலும் வாங்கினாள்.
எதிர்க்கடைக்காரன் நேற்றே வாங்கியிருந்தான்.

பணம் போடும் பலகை என்று நினைத்து
பன்னிரண்டு ரூபாயை அதற்குள் அனுப்பப் பார்த்தார்
கொல்லத்து லாரிக்காரர் ஒருவர்.
போகவில்லை. ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டு
சில்லறை எண்ணி வைத்துப் போனார்.
மலையாளத்தில் நாலு வரி எழுதியும் இருந்தார்.
அவளுக்குப் பேச வரும், வாசிக்க வராது.
"சாயா கொள்ளாம்" என்ற வரியை மட்டும்
சத்தமாகப் படித்தேன்.
மீதி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏத்தங்காய் வறுவல் ஷிபுகுமாருக்கு
நூற்றுப் பதினோரு பாராட்டுகள்.
வரைபடம் மட்டும் அவர் கடையை
ரோட்டுக்கு அந்தப்புறம், வேறொரு அரசாங்கத்தின் கீழே
தூக்கி வைத்திருக்கிறது.
நட்சத்திரத்தைப் பார்த்து வருகிறவர்கள்
பூட்டிய டயர்க்கடை முன் நின்று
வறுவல் கேட்கிறார்கள்.

வேதமாணிக்கம் கடைப் பலகையில் மூன்றே சொல்:
பெட்டி, குருசு, குளிர்பெட்டி.
மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லலாம்.
உண்மையில் அந்த வாரக் கணக்குக்கு ஒன்று குறைந்தது.

பலகை விற்க வந்தேன் என்றேன்.
இழைப்புளியை நிறுத்தாமல், சுவரோரம் சாய்ந்திருந்த
அயனியையும் மாவையும் கண்ணால் காட்டினார்.

"எனக்க கஸ்டமரு ஆரு மக்ளே?
உள்ள கெடக்கியவன் வெரல நீட்டுவானா?
கொண்டுபோறவன்தான் நல்லாருக்குன்னு எழுதுவானா?
மீண்டும் வருகன்னு
நானும் போர்டு வைக்கல்ல."

மறுப்பு வந்தால் சிரிக்கவும் என்று
மார்த்தாண்டத்துப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
சிரிக்க வரவில்லை.
மழை விட்டதும் ஒரு பலகையை
மரத்தூளுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தேன்.
மறந்துதான் என்று மேனேஜரிடம் சொன்னேன்.
முந்நூற்றைம்பது என் சம்பளத்தில் பிடித்தம்.

மூன்று வாரம் எதுவும் இல்லை.
பிறகு ஒரு ஞாயிறு விடியலில், இரண்டு நாற்பதுக்கு,
பாறசாலையிலிருந்து யாரோ:

"அப்பாவின் உயரம் ஆறடி ஒன்று என்று
போனில் சொன்னோம். கேட்கவில்லை.
நேரில் வந்து அளந்தார். ஆறடி மூன்று.
முட்டு மடக்காமல் படுத்திருந்தார் அப்பா.
கட்டிலில்கூட அப்படிப் படுத்ததில்லை."

நாலு நட்சத்திரம்.
ஐந்தாவது ஏன் இல்லை என்று எழுதவில்லை.

நேரே அவரிடம் போய் வாசித்தேன்.
இந்த முறை எல்லா வரியையும்.
இழைப்புளி நின்றது.
ஒரு தடவைகூட வாசிக்கச் சொன்னார்.
பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து
பார்த்துவிட்டு அங்கேயே செருகினார்.

"எடப்பக்கம் கைப்பிடியில ஆணி ஒண்ணு
எளகி இருந்தது.
கல்லறை வர தாங்கும்னு விட்டேன்.
பய பாத்திருக்கியான்."

உரிமையாளர் பதில் என்று ஒரு கட்டம் உண்டு,
அதில் எழுதட்டுமா என்றேன்.

அவர் அதற்குள் தகர டப்பாவைக் கவிழ்த்து
நீளமான ஆணிகளைத்
தனியே பொறுக்கத் தொடங்கியிருந்தார்.